காது வண்டியும் மூன்று டெசிபெல்லும்

பேருந்தில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டால் எந்தச் சாலையில் போகிறோம் என்று ரக்ஷனாவால் சொல்லிவிட முடியும். போன மாதம் போட்ட தார் என்றால் டயர் ‘ஸ்ஸ்’ என்று வழுக்கிக்கொண்டு போகும். பத்து வருடத்துத் தார் என்றால் ஜல்லி மேலே எழும்பி ‘கொர்ர்’ என்று இரையும். மேம்பாலத்தின் கான்கிரீட் இணைப்புகள் ‘டக் டக்’ என்று தாளம் போடும். இதெல்லாம் இருபத்தெட்டு வயதுப் பெண்ணுக்கு ஒரு திறமையா என்று கேட்டால், இதை வைத்துத்தான் அவள் பிழைப்பே ஓடுகிறது. எந்தச் சாலையில் டயர் எவ்வளவு சத்தம் போடுகிறது என்று அளப்பது அவள் வேலை. இப்படி ஒரு வேலை இருக்கிறது என்பதை அவளுடைய சொந்தக்காரர்களில் பாதிப் பேர் இன்னும் நம்பவில்லை. மீதிப் பேர் அவள் வானொலியில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

அவள் அலுவலகம் சிங்கப்பூரின் லிட்டில் இந்தியாவில், சிராங்கூன் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில், பூக்கடைக்கு மேல் மாடியில் இருந்தது. முதலாளி சேதுபதிக்கு அறுபது வயது. சத்தத்தை அளக்கிற கம்பெனியைக் கொண்டுவந்து இவ்வளவு சத்தமான சந்தில் வைத்தது ஏன் என்று கேட்பவர்களிடம், மருத்துவர் நோயாளிகளுக்கு நடுவில்தானே கடை போட வேண்டும் என்பார். கம்பெனியில் மொத்தம் ஐந்து பேர். ஆறாவதாக ஓர் ஆள் உண்டு என்று ரக்ஷனா சொல்வாள். அது பின்சந்தில் நிற்கும் காது வண்டி.

காது வண்டி என்பது வேனுக்குப் பின்னால் கட்டி இழுக்கிற ஒரு பெட்டி. பெட்டிக்குள்ளே ஒரே ஒரு சோதனை டயர் சாலையில் உருண்டுகொண்டு வரும். அந்த டயரிலிருந்து ஒரு சாண் தள்ளி, தரையை ஒட்டினாற்போல் இரண்டு மைக்குகள். காற்று மோதி இரையாமலிருக்க மைக் ஒவ்வொன்றுக்கும் டென்னிஸ் பந்து அளவில் ஒரு கறுப்பு ஸ்பாஞ்சு உருண்டை மாட்டியிருக்கும். வேனை ஓட்டுபவர் முகைதீன் பாய். இருபத்திரண்டு வருடம் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். ஐம்பது கிலோமீட்டர் வேகம் என்று சொன்னால் ஐம்பதிலேயே ஆணி அடித்த மாதிரி முள் நிற்கும். ரக்ஷனா பக்கத்தில் மடிக்கணினியோடு உட்கார்ந்து எண்களைப் பார்த்துப் பார்த்துப் பூரித்துக்கொண்டு வருவாள். அளக்கும்போது பேசக் கூடாது என்பதால் பாய்க்கு அந்த நேரம் மட்டும்தான் நிம்மதி.

இந்த வருடம் அவர்களுக்குக் கிடைத்த பெரிய வேலை தீவின் வடக்கே செம்பவாங்கில். அங்கே ஒரு சாலையோரத்து அடுக்குமாடி வீடுகளில் தொண்ணூற்றாறு குடும்பங்கள். பகலெல்லாம் வண்டிச் சத்தம். அந்தப் புளோக்கின் இரண்டாம் மாடியில், சாலையைப் பார்த்த வீட்டில் குடியிருந்த ஜரீனா என்ற பள்ளி அலுவலக ஊழியர், மூன்று வருடமாக வீடு வீடாக ஏறி இறங்கிக் கையெழுத்து வாங்கி மனு மேல் மனுவாகப் போட்டார். கடைசியில் சாலை அதிகாரிகள் இறங்கி வந்தார்கள். ரப்பர் தூள் கலந்த புதுத் தாரைச் சாலையின் முந்நூறு மீட்டருக்கு மட்டும் போட்டுப் பார்ப்போம், பழைய தாரைவிட மூன்று டெசிபெல்லாவது சத்தம் குறைந்தால் இந்த வருடமே முழுச் சாலைக்கும் போட்டுவிடுவோம், குறையாவிட்டால் விட்டுவிடுவோம் என்று எழுதிக் கொடுத்தார்கள். மூன்று என்ன பெரிய கணக்கு என்று ஜரீனா கேட்டபோது, மூன்று குறைந்தால் சாலையில் ஓடும் வண்டிகளில் பாதி காணாமல் போன மாதிரி என்று ரக்ஷனா விளக்கினாள். அன்றிலிருந்து ஜரீனா புளோக்கில் எல்லாரிடமும் பாதி வண்டி, பாதி வண்டி என்றே சொல்லிக்கொண்டு திரிந்தார்.

இந்த அறிக்கையில் கையெழுத்து ரக்ஷனாவுடையது என்று சேதுபதி சொல்லிவிட்டார். இதுவரை போன அறிக்கைகளில் எல்லாம் அவர் பெயர்தான் இருக்கும். முதல்முறையாகத் தன் பெயர் வரப்போகிறது என்றதும் ரக்ஷனாவுக்குத் தலைகால் புரியவில்லை. சாப்பாட்டுக் கடையில் கை துடைக்கிற காகிதத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டுப் பழகினாள். ‘க்ஷ’வை எப்படிச் சுழித்தால் எடுப்பாக இருக்கும் என்று முகைதீன் பாயிடம் அபிப்பிராயம் கேட்டாள். எல்லாமே கோழி கிளறின மாதிரிதான் இருக்கிறது என்று அவர் உள்ளதைச் சொன்னார்.

புதுத் தார் போடுவதற்கு முன்னால் பழைய சாலையை அளந்தார்கள். தொண்ணூற்றாறு புள்ளி நான்கு டெசிபெல். காட்டுக் கத்தல். பிறகு ரப்பர் தாரைப் போட்டு அது இறுகட்டும் என்று காத்திருந்த வாரத்தில்தான் ஆயுத பூஜை வந்தது.

சேதுபதிக்கு ஆயுத பூஜை என்றால் தீபாவளியைவிட விசேஷம். அளக்கும் கருவிகள், மடிக்கணினி, திருப்புளி, வேன், காது வண்டி என்று ஒன்று பாக்கியில்லாமல் பொட்டு வைத்தாக வேண்டும். இந்த வருடம் அந்தப் பொறுப்பை ரக்ஷனா தானாகவே இழுத்துப் போட்டுக்கொண்டாள். கீழே பூக்கடையில் நல்ல சந்தனமாக வாங்கி, பன்னீர் விட்டுக் குழைத்து, கிண்ணம் நிறைய எடுத்துக்கொண்டு பின்சந்துக்குப் போனாள். வண்டியின் பெட்டியைத் திறந்ததும் அந்த இரண்டு கறுப்பு உருண்டைகளையும் பார்த்து அவளுக்குப் பாசம் பொங்கிவிட்டது. தன் பெயரை அறிக்கையில் ஏற்றப்போகிற காதுகள் அல்லவா. மேலே ஒரு பொட்டு வைத்தாள், ஸ்பாஞ்சு உறிஞ்சிக்கொண்டது. இன்னொன்று வைத்தாள், அதையும் உறிஞ்சியது. பின்னாலிருந்து சேதுபதி, “தாராளமா வைம்மா, என்ன கஞ்சத்தனம்” என்றார். ரக்ஷனா முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் மூன்று விரலால் பட்டை பட்டையாக இழுத்து, நடுவில் குங்குமம் வைத்து, இரண்டு உருண்டைகளையும் கல்யாண மாப்பிள்ளைபோல ஆக்கிவிட்டாள். முகைதீன் பாய் தள்ளி நின்று சுண்டலும் பொரியும் வாங்கிக்கொண்டு, வண்டி இன்றைக்குத்தான் பார்க்க லட்சணமாக இருக்கிறது என்று சொன்னார்.

மறுநாள் வியாழக்கிழமை காலை செம்பவாங்கில் புதுத் தாரை அளந்தார்கள். முதல் ஓட்டத்தில் தொண்ணூற்றொன்று புள்ளி மூன்று. ரக்ஷனா திரையைத் துடைத்துவிட்டுப் பார்த்தாள். இரண்டாம் ஓட்டத்தில் தொண்ணூற்றொன்று புள்ளி ஒன்று. ஐந்து ஓட்டங்களின் சராசரி தொண்ணூற்றொன்று புள்ளி இரண்டு. மூன்று கேட்ட இடத்தில் ஐந்து புள்ளி இரண்டு குறைந்திருந்தது. வேன் நின்றதுதான் தாமதம், அவள் இறங்கிப் பேருந்து நிறுத்தத்தைச் சுற்றி இரண்டு முறை ஓடினாள். அங்கே பேருந்துக்குக் காத்திருந்த ஒரு சீனப் பாட்டி பையை இறுகப் பிடித்துக்கொண்டார். முகைதீன் பாய் அந்தப் பாட்டியிடம் மலாயில், பயப்படாதீர்கள், அவள் இன்ஜினியர் என்று விளக்கினார்.

அன்று சாயங்காலத்துக்குள் செய்தி ஊரெல்லாம் பரவிவிட்டது. பரப்பியவர் சேதுபதி. செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்குத்தான் அதிகாரிகளோடு கூட்டம், அதுவரை வாயை மூடிக்கொண்டிருக்கலாம். அவரால் அது முடிகிற காரியமா? தெரிந்தவர், தெரியாதவர், பூக்கடைக்காரர் என்று ஒருவரையும் விடவில்லை. செம்பவாங்கில் ஜரீனா, தன் புளோக்கின் கீழ்த்தளத்தில் மேசை போட்டு நெய்ச்சோறும் தாளிச்சாவும் பரிமாறினார். ஐந்து டெசிபெல் என்றால் முக்கால்வாசி வண்டி காணாமல் போன மாதிரியா என்று ஒருவர் கேட்க, கிட்டத்தட்ட அப்படித்தான் என்று ரக்ஷனா வாய் நிறையச் சோற்றோடு தலையாட்டினாள். அந்த ராத்திரி சந்தோஷத்தில் அவளுக்குத் தூக்கமே வரவில்லை.

அளந்தது போதும் என்று அதோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கதையே இல்லை. சந்தோஷம் வந்தால் ரக்ஷனாவுக்குக் கை சும்மா இருக்காது. குவீன்ஸ்டவுனில் ஒரு பழைய சாலை இருக்கிறது. காது வண்டி ஒழுங்காகக் கேட்கிறதா என்று பார்க்க வருடத்துக்கு ஒருமுறை அதை அளப்பது கம்பெனி வழக்கம். அதற்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது. சனிக்கிழமை காலை சும்மா இருப்பதற்கு அதையாவது அளந்துவிட்டு வரலாம் என்று பாயைக் கெஞ்சி அழைத்துக்கொண்டு போனாள்.

போன வருடம் அந்தச் சாலை தொண்ணூற்றைந்து புள்ளி எட்டு. இப்போது தொண்ணூற்று மூன்று புள்ளி ஐந்து.

சாலைக்கு வயது ஏற ஏறச் சத்தம் கூடுமே தவிரக் குறையாது. புதுத் தார் போடாமல், யாரும் தொடாமல், ஒரு கிழட்டுச் சாலை இரண்டேகால் டெசிபெல் சாதுவாகியிருந்தது. ரக்ஷனா சேதுபதியைக் கூப்பிட்டுச் சொன்னபோது, பூஜை பலன் என்று அவர் சிரித்தார். ரக்ஷனாவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் பாதியில் நிறுத்தினாள். பூஜைக்கு முன்னால் அளந்த சாலை கத்தியது. பூஜைக்குப் பிறகு அளந்த சாலைகள் எல்லாம் அடங்கிவிட்டன.

முதலில் அவள் மைக்கைச் சந்தேகப்பட்டாள். ஸ்பாஞ்சு உருண்டையைக் கழற்றி வைத்துவிட்டு, சோதிக்கும் கருவியை மைக்கின் தலையில் மாட்டினாள். அது ஒரே அளவான சத்தம் கொடுக்கும், மைக் அதைச் சரியாகச் சொல்ல வேண்டும். சொன்னது. இம்மி பிசகவில்லை. வியாழக்கிழமையும் இதையேதான் செய்தாள், அன்றும் இம்மி பிசகவில்லை. உருண்டையைத் திரும்ப மாட்டுவதற்காக எடுத்து அழுத்தியபோது அது ‘மொறுக்’ என்றது. பிஸ்கட் மாதிரி.

பன்னீரில் குழைத்த சந்தனம் ஸ்பாஞ்சுக்குள்ளே இறங்கி, காய்ந்து, கெட்டியாகி, காற்று போகும் கண்களை எல்லாம் அடைத்திருந்தது. காதுகள் நன்றாகத்தான் இருந்தன. அவள்தான் அவற்றுக்குச் சந்தனத்தால் பஞ்சு வைத்துவிட்டிருந்தாள். சோதிக்கும்போது உருண்டையைக் கழற்றிவிடுவதால் கருவிக்கும் தெரியவில்லை. ஆனால் கண்ணுக்குத் தெரிந்ததே. மூன்று நாளாக அவள் அந்தப் பட்டையைப் பார்த்துக்கொண்டுதானே இருந்தாள். பூஜையில் வைத்த பொட்டைத் துடைக்கக் கூடாது, அது தானாக உதிரட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றவளும் அவள்தான். வியாழன் காலை பாய் வண்டியைக் கழுவினாரே, அப்போதாவது கொஞ்சம் தண்ணீர் பட்டிருக்கக் கூடாதா என்று அவரிடம் கேட்டாள்.

“பொட்டுல படாமத்தான் சுத்திக் கழுவினேன்மா,” என்றார் பாய். “நீங்க சாமி கும்பிட்டு வச்சது. நான் எப்படி அழிப்பேன்?”

மூன்று பேர், இரண்டு மதம், ஒரு பொட்டு. எல்லாரும் எல்லாருக்கும் அவ்வளவு மரியாதை கொடுத்ததில் செம்பவாங் கணக்கு குட்டிச்சுவராகிவிட்டது. ரக்ஷனாவுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. வேனின் படியில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அப்புறம் மனம் தானாகவே ஒரு கழித்தல் கணக்கைப் போட்டது. ஐந்து புள்ளி இரண்டில் சந்தனத்தின் பங்கு இரண்டு புள்ளி மூன்று என்றால், மிச்சம் இரண்டு புள்ளி ஒன்பது. வேண்டியது மூன்று. சிரிப்பு நின்றுவிட்டது.

அலுவலகத்தில் விஷயத்தைக் கேட்ட சேதுபதி பத்து நிமிடம் கோபப்பட்டார். சந்தனத்தின் மேல் கோபப்பட்டார், ஸ்பாஞ்சின் மேல் கோபப்பட்டார், நன்றாகக் கழுவாத பாயின் மேல் கோபப்பட்டார், தேவையில்லாமல் குறுக்கே வந்த குவீன்ஸ்டவுனின் மேல் எல்லாரைக் காட்டிலும் அதிகமாகக் கோபப்பட்டார். தாராளமாக வை என்று சொன்ன ஆளைப் பற்றி மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு நாற்காலியில் சாய்ந்து, ஐந்து புள்ளி இரண்டு என்று ஊருக்கே சொல்லியாகிவிட்டது, குவீன்ஸ்டவுனை யார் கேட்கப்போகிறார்கள் என்று சுவரைப் பார்த்துச் சொன்னார்.

“அந்த நம்பருக்குக் கீழ என் பேரு வராது சார்,” என்றாள் ரக்ஷனா.

சேதுபதி நாற்காலியை அவள் பக்கம் திருப்பினார். அப்படியானால் செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்குள் திரும்ப அளந்துவிட்டு வா என்றார். ரக்ஷனாவுக்கு அவரைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. உறை பிரிக்காத புது உருண்டைகள் அலமாரியில் இருந்தன. எடுத்துக்கொண்டு அவள் கீழே இறங்கவும் மழை பிடித்துக்கொண்டது. ஈரச் சாலையில் டயர் போடும் சத்தமே வேறு, அளக்க முடியாது. சாலை காய்ந்திருக்க வேண்டும்.

ஜரீனாவுக்கு யார் சொல்வது? அவள்தான். பூக்கடையின் தார்ப்பாய்க்குக் கீழே, மல்லிகைக்கூடைகளுக்கு நடுவில் ஒதுங்கி நின்று தொலைபேசியில் கூப்பிட்டாள். ஐந்து புள்ளி இரண்டு தப்பு என்றும், தப்பு தன்னுடையது என்றும், எப்படி நடந்தது என்றும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள்.

“சரியான நம்பர் என்னா?” என்று ஜரீனா கேட்டார்.

“தெரியலக்கா. மூணுக்குக் கீழயும் போகலாம்.”

“நீ சொல்லாம இருந்திருந்தா யாருக்காச்சும் தெரிஞ்சிருக்குமா?”

“தெரிஞ்சிருக்காதுக்கா.”

“அப்புறம் எதுக்குமா என்கிட்ட சொன்னே? செவ்வாக்கெழம வரைக்கும் இனி நானும்ல தூங்க முடியாது லா.” வைத்துவிட்டார்.

ஞாயிறும் மழை. திங்களும் மழை. சிராங்கூன் சாலையில் தீபாவளி அலங்கார விளக்குகள் பட்டப்பகலில் நனைந்துகொண்டு நின்றன. ரக்ஷனா மணிக்கு நான்கு முறை வானிலையைப் பார்த்தாள். வானிலையைப் பார்ப்பதால் வானம் வெளுக்காது என்று பாய் சொன்னார், சொல்லிவிட்டு அவரும் பார்த்தார். மழையில் புது உருண்டைகளைக்கூட மாட்டிப் பார்க்க முடியாமல் அவள் அவற்றைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு அலைந்தாள். முட்டையை அடைகாக்கிறாயா என்று சேதுபதி கேட்டார். அவர் குரலிலும் சுரத்து இல்லை.

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்குச் சுள்ளென்று வெயில் அடித்தது. பத்து மணிக்குக் காது வண்டி செம்பவாங்கில் நின்றது. சாலை ஆவி விட்டுக் காய்ந்துகொண்டிருந்தது. ஆனால் புதுத் தார் போட்ட இடத்தின் நடுவில், புளோக்கின் புல்மேட்டிலிருந்து ஊறி வந்த தண்ணீர் இடப்பக்கத் தடத்தின் குறுக்கே சாவகாசமாக ஓடிக்கொண்டிருந்தது. அரை மணி நேரம் அந்தத் தடத்தைக் கூம்பு வைத்து அடைத்துக்கொள்ள அனுமதி இருந்தது. தெற்கே வானம் மறுபடி கறுத்துக்கொண்டு வந்தது.

ரக்ஷனா மாடியை அண்ணாந்து பார்த்துத் தொலைபேசியை எடுப்பதற்குள் ஜரீனா கீழே வந்துவிட்டார். பின்னாலேயே புளோக்கும் வந்தது. வேலைக்குப் போகாதவர்கள், இரவு வேலை முடித்து வந்தவர்கள், விடுப்புப் போட்டவர்கள் என்று இருபது இருபத்தைந்து பேர். கையில் துடைப்பம், மாப்பு, பழைய கைலி, குளியல் துண்டு. ஜரீனா பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை நிறுத்துகிற மாதிரி வரிசையாக நிறுத்தினார். நான்கு பேர் புல்மேட்டின் அடியில் மணல்மூட்டையும் பழைய மெத்தையும் போட்டுத் தண்ணீரைத் தடுத்தார்கள், மற்றவர்கள் சாலையைத் துடைத்தார்கள். ஒரு மலாய்க்கார அம்மா மண்டியிட்டுத் தன் வீட்டுக் கூடம்போலச் சாலையைத் தேய்த்தார். முதல் மாடிப் பையன் ஒருவன் ஜன்னல் வழியாக நீள ஒயரை இறக்கி, தலைமுடி உலர்த்தும் கருவியை எடுத்துக்கொண்டு ஓடி வந்தான். பாய் அவனை அதட்டித் திருப்பி அனுப்பினார். சிங்கப்பூர்ச் சாலை ஒன்றை அதற்கு முன் யாராவது துண்டால் துவட்டியிருப்பார்களா என்பது சந்தேகம். ரக்ஷனாவும் ஒரு கைலியை வாங்கிக்கொண்டு குனிந்தாள். அழுகை வரும் என்று நினைத்திருந்தாள், பக்கத்தில் குனிந்திருந்த ஜரீனாவைப் பார்த்ததும் இருவருக்கும் சிரிப்புத்தான் பீறிட்டது.

சாலை காய்ந்தது. எல்லாரும் ஓரத்துக்குப் போனார்கள். மைக்குகளில் புது உருண்டைகள், கறுப்பாக, பொட்டில்லாமல். முகைதீன் பாய் பிஸ்மில்லா சொல்லி வேனை எடுத்தார்.

முதலில் அதே சாலையில் மிச்சமிருக்கும் பழைய தார். காதுகள் குணமாகியிருந்தால் அது பழையபடி கத்த வேண்டும். தொண்ணூற்றாறு புள்ளி மூன்று. ஒரு சாலை இரைவதைக் கேட்டு ரக்ஷனாவுக்கு இவ்வளவு ஆனந்தம் வந்ததில்லை. அடுத்தது புதுத் தார். கூம்புகளைத் தாண்டி வேன் நுழைந்தது. ஐம்பதில் முள் அசையாமல் நின்றது.

தொண்ணூற்று மூன்று புள்ளி நான்கு.

கழித்தால் இரண்டு புள்ளி ஒன்பது. ரக்ஷனா எண்ணை வாய்விட்டுச் சொல்லவில்லை. பாய் அவள் முகத்தைப் பார்த்தார், வண்டியைத் திருப்பினார். இரண்டாம் ஓட்டம் தொண்ணூற்றிரண்டு புள்ளி ஒன்பது. மூன்றாவது தொண்ணூற்று மூன்று. நான்காவது தொண்ணூற்று மூன்று புள்ளி இரண்டு. ஓரத்தில் துடைப்பங்களோடு நின்ற கூட்டம் ஒவ்வொரு முறையும் வண்டியோடு சேர்ந்து தலையைத் திருப்பியது. ஐந்தாவது ஓட்டம் முடிவதற்கும் கண்ணாடியில் முதல் தூறல் விழுவதற்கும் சரியாக இருந்தது. தொண்ணூற்று மூன்று.

பாய் புளோக்குக்கு எதிர்ப்பக்கம் கொண்டுபோய் வேனை நிறுத்தினார். தூறலுக்குப் பயந்து கூட்டம் கலைந்து கீழ்த்தளத்துக்கு ஓடியிருந்தது. யாரோ கூம்புகளை எடுத்து அடுக்கிவிட்டார்கள், தேங்கி நின்ற வண்டிகள் மறுபடி இரண்டு தடத்திலும் ஓட ஆரம்பித்தன. ரக்ஷனா சராசரியைப் போட்டாள். திரும்பப் போட்டாள். காகிதத்தில் எழுதிக் கூட்டி வகுத்துப் பார்த்தாள். தொண்ணூற்று மூன்று புள்ளி ஒன்று. பழையதில் கழித்தால் மூன்று புள்ளி இரண்டு.

போன வாரத்து எண்ணிலிருந்து இரண்டு டெசிபெல் போய்விட்டது. அதைப்பற்றி அவளுக்குத் துளி வருத்தமும் இல்லை. ஐந்து புள்ளி இரண்டு வந்த அன்று ஓடியவள்தான், இன்றைக்குக் கால் நகரவில்லை. இந்த எண்ணை யார் வேண்டுமானாலும் வந்து எப்போது வேண்டுமானாலும் அளந்துகொள்ளட்டும் என்று நினைத்தபோது நெஞ்சு நிறைந்தது. மடிக்கணினியை மூடி மார்போடு அணைத்துக்கொண்டு தூறலில் இறங்கி நின்றாள். பாயும் இறங்கி, தன் தொப்பியைக் கழற்றி அவள் தலையில் வைத்தார்.

எதிரே இரண்டாம் மாடி ஜன்னலில் ஜரீனா நின்றிருந்தார். ஈரத் துணிகளைப் போட்டுவிட்டு வர மேலே போயிருப்பார் போலிருக்கிறது.

“எத்தன வந்துச்சு?” என்று கேட்டார்.

“மூணு புள்ளி ரெண்டுக்கா.”

“போதுமா?”

“போதும்க்கா.”

ஜரீனா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார். உள்ளே திரும்பி யாரிடமோ என்னவோ சொன்னார். மறுபடி சாலையைப் பார்த்தவர் முகம் மாறியது. ரக்ஷனாவுக்கும் அப்போதுதான் உறைத்தது. மூன்று வருடமாக இந்த ஜன்னலிலிருந்து எதிர்ப்பக்கத்துக்கு யாரும் எதுவும் பேசியதில்லை, எல்லாருமே தொலைபேசியில்தான் கூப்பிட்டுக்கொள்வார்கள். இப்போது இருவருமே கத்தவில்லை. அவர்கள் பேசிக்கொண்டிருந்த நேரம் முழுக்க நடுவில் கார்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டேயிருந்தன.